பி.எஸ்./எம்.டி.க்கு எர்லி டிசிஷன் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் போதும், எங்கள் ஞாயிறு தமிழ்ப் பள்ளி வராந்தாவில் பேச்சு மாறிவிடும். உள்ளே குழந்தைகள் ஆத்திசூடி ஒப்புவித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே பெற்றோர்கள், "அக்கா, பி.எஸ்./எம்.டி.க்கு இ.டி. போட்டீங்களா?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: பி.எஸ்./எம்.டி. என்றால் இளநிலைப் படிப்புக்கும் மருத்துவப் படிப்புக்கும் பள்ளியிலிருந்தே சேர்த்து விண்ணப்பிக்கும் திட்டம். இங்கே இ.டி. என்றால் எர்லி டிசிஷன், அதாவது கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம், அமலாக்கத் துறை இல்லை. ஆனால் இரண்டிலுமே கையெழுத்துப் போடுமுன் நன்றாகப் படித்துப் பார்ப்பது நல்லது.)

நான் கல்லூரி ஆலோசகர் அல்ல. நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு அம்மா, அவ்வளவுதான். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பதினொரு திட்டங்களுக்கு விண்ணப்பித்தாள். அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன். விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தக் கல்லூரித் தளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

பி.எஸ்./எம்.டி. என்பது நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரியா?

மாதிரி என்று சொல்லலாம், அதேதான் என்று சொல்ல முடியாது. ஊரில் ப்ளஸ் டூ முடித்து நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம். அமெரிக்காவில் முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு, இடையில் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, அப்புறம் மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம், அதற்கும் மேல் நான்கு ஆண்டு எம்.டி. இங்கே எம்.டி. என்பதுதான் முதல் மருத்துவப் பட்டம், ஊரில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு படிக்கும் எம்.டி. வேறு. ஆண்டுக்கு ஏறக்குறைய 52,000 பேர் எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், சுமார் 23,000 பேர் சேருகிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் வெளியே நிற்கும் வரிசை என்பதால்தான், பள்ளியிலேயே துண்டு போட்டு இடம் பிடிக்கும் இந்த வழிக்கு இவ்வளவு கூட்டம்.

ஒருங்கிணைந்த திட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கல்லூரி இடமும், நிபந்தனையோடு மருத்துவ இடமும் கிடைத்துவிடும். நிபந்தனை என்பது பெரும்பாலும் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி); சிலவற்றில் எம்கேட்டில் இத்தனை மதிப்பெண் என்றும் இருக்கும். கால அளவும் ஒன்றுபோல இல்லை. மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1971 முதல் நடப்பது ஆறு ஆண்டுத் திட்டம். பென் ஸ்டேட்டும் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்துவது ஏழு. நியூயார்க் நகரின் சோஃபி டேவிஸ் திட்டமும் ஏழுதான், ஆனால் நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு.

எர்லி டிசிஷன், எர்லி ஆக்‌ஷன்: என்ன வித்தியாசம்?

எர்லி ஆக்‌ஷன் என்றால் சீக்கிரம் விண்ணப்பித்து சீக்கிரம் பதில் வாங்குவது. கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம், கட்டாயம் எதுவும் இல்லை.

எர்லி டிசிஷன் என்பது நிச்சயதார்த்தம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். மாணவர், பெற்றோர், பள்ளியின் ஆலோசகர் (கவுன்சிலர்) மூவரும் கையெழுத்திட வேண்டும். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, பதில் டிசம்பர் நடுவில். இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். மற்ற எல்லா விண்ணப்பங்களையும் உடனே திரும்பப் பெற வேண்டும்.

இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். பி.எஸ்./எம்.டி. பிள்ளைகளுக்கு இருக்கும் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இ.டி. போட்டால் பி.எஸ்./எம்.டி. கிடைக்கும் வாய்ப்பு கூடும்தானே? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எல்லாரும் சொல்வது சாதாரணக் கல்லூரி அனுமதியைப் பற்றி. அதில் ஓரளவு உண்மை உண்டு. கண்டிப்பாகச் சேருவேன் என்று எழுதிக் கொடுப்பவரைக் கல்லூரிக்குப் பிடிக்கும். இடங்களுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற அதன் கணக்கு சுலபமாகும். ஆனால் பி.எஸ்./எம்.டி.யில் கதவுகள் இரண்டு. முதல் கதவு இளநிலைக் கல்லூரியுடையது, இரண்டாவது மருத்துவக் கல்லூரியுடையது. பல திட்டங்களில் இந்த இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு குழுக்கள். நீங்கள் முதல் கதவுக்காரரிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்பது இரண்டாவது கதவுக்காரருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் பார்ப்பது மருத்துவமனையில் பிள்ளை செய்த தன்னார்வ வேலை, ஆராய்ச்சி, அறிவியல் மதிப்பெண்கள், நேர்காணலில் பேசும் விதம் இவற்றைத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் காலண்டர். இ.டி. பதில் டிசம்பர் நடுவில் வந்துவிடும். மருத்துவ நேர்காணல்கள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, முடிவு மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கம். ஆக, டிசம்பரில் கல்லூரி "வா" என்று சொல்லும்போது அதன் மருத்துவ இடம் உங்களுக்கு உண்டா இல்லையா என்பதே தெரியாத நிலை வரலாம். ஆனால் மற்ற பத்துத் திட்டங்களையும் அன்றைக்கே கைவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். மகளுக்குப் பிடித்திருந்தது, ஒருங்கிணைந்த திட்டமும் இருந்தது, இ.டி. போட்டுவிடலாம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். அக்டோபர் கடைசி வாரம் சும்மா ஒரு சந்தேகத்துக்காக அனுமதி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மருத்துவ முடிவு எப்போது என்றேன், மார்ச் என்றார்கள். இ.டி.யில் இடம் கிடைத்தால், மார்ச் வரை மற்ற இடங்களின் நேர்காணலுக்குப் போகலாமா என்றேன், கூடாது என்றார்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால்? கல்லூரியில் சேர வேண்டும். அந்தம்மா மிகவும் அன்பாகத்தான் பேசினார். அன்றிரவே மகள் விண்ணப்பத்தில் இ.டி.யை ரெகுலருக்கு, அதாவது சேரக் கட்டாயமில்லாத வழக்கமான சுற்றுக்கு, மாற்றினாள்.

மார்ச்சில் அதே கல்லூரி இளநிலை இடத்தைக் கொடுத்து, மருத்துவ இடத்தைக் கொடுக்கவில்லை. அதற்குள் அவள் வேறு மூன்று இடங்களில் நேர்காணல் முடித்திருந்தாள்; ஒன்று கிடைத்தது. அந்தப் போன் மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் அந்த மூன்று நேர்காணலும் நடந்திருக்காது. என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அன்றைக்கு மதியச் சமையல் சீக்கிரம் முடிந்துவிட்டது, அதனால் போன் செய்தேன்.

மருத்துவ இடம் தரவில்லை என்றால் இ.டி. ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாமே?

விலகுவதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் காரணம் ஒன்றுதான்: தரப்பட்ட நிதியுதவியில் குடும்பத்தால் கட்ட முடியாத நிலை. "நான் கேட்ட திட்டம் தரவில்லை" என்பது அந்தக் கல்லூரியே எழுத்தில் விதிவிலக்குக் கொடுத்திருந்தால் மட்டுமே செல்லும். கொடுத்திருக்கிறதா என்று கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது போதாது.

பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு இ.டி. போடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பேர் என்னைத் தேடி வருகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. பிரவுனின் எட்டு ஆண்டு ஒருங்கிணைந்த திட்டமான பி.எல்.எம்.இ. மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. இளநிலைக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகம். மருத்துவத்துக்கென்று தனி நேர்காணல் இல்லை, எம்கேட் எழுதவும் வேண்டாம். இ.டி. வழியாகவே பி.எல்.எம்.இ.க்கு விண்ணப்பிக்கலாம். அதாவது மேலே சொன்ன "டிசம்பரில் ஒரு பதில், மார்ச்சில் இன்னொரு பதில்" என்ற இழுபறி இங்கே இல்லை.

ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, இ.டி.யில் கல்லூரி இடம் மட்டும் கொடுத்து பி.எல்.எம்.இ.யை மறுத்தாலும் ஒப்பந்தம் உங்களைக் கட்டும். பிரவுனில் சேர்ந்து, மற்ற எல்லாரையும்போல எம்கேட் எழுதி, வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, சதவீதக் கணக்கு. 2025 இலையுதிர்காலத்தில் சேர்ந்த வகுப்புக்கு பிரவுன் இ.டி. விண்ணப்பதாரர்களில் சுமார் 18 சதவீதம் பேரை எடுத்தது. எல்லாச் சுற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் 6 சதவீதத்துக்கும் குறைவு. இதை வைத்துக்கொண்டு "மூன்று மடங்கு வாய்ப்பு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அந்த 18-இல் பல்கலைக்கழகமே தேடிப் பிடித்த விளையாட்டு வீரர்களும் இருக்கிறார்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பி.எல்.எம்.இ.யில் ஆண்டுக்குச் சேருவதோ ஐம்பது, அறுபது பேர்தான். பொதுக் கணக்கை இதற்குப் பொருத்துவது, ஊர் முழுக்க மழை பெய்ததை வைத்து நம் வீட்டுக் கிணறு நிரம்பியிருக்கும் என்று சொல்வது போல.

அதனால் நான் கேட்பது ஒரே கேள்வி. பி.எல்.எம்.இ. என்ற ஒன்றே இல்லையென்றால் உங்கள் பிள்ளை பிரவுனுக்குப் போவாளா? 1969 முதல் அங்கே கட்டாயப் பொதுப்பாடங்கள் கிடையாது. எந்தப் பாடம் என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சுதந்திரம் பிடித்த பிள்ளை, பணமும் ஒத்துவந்தால், தாராளமாகப் போடட்டும். மருத்துவ இடத்துக்காக மட்டும் பிரவுனைப் பார்க்கும் பிள்ளை ரெகுலர் சுற்றில் விண்ணப்பித்துவிட்டு, மற்ற திட்டங்களின் நேர்காணல்களைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. என் மகள் இரண்டாவது ரகம். பிரவுன் அவளை எடுக்கவும் இல்லை.

பிட்ஸ்பர்க், பென் ஸ்டேட் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு?

அங்கே இ.டி. என்ற பேச்சே இல்லை. பிட்ஸ்பர்க்கில் விண்ணப்பங்கள் வர வர முடிவு சொல்லும் முறை. பென் ஸ்டேட்டில் எர்லி ஆக்‌ஷன். கான்சஸ் சிட்டியிலும் இ.டி. கிடையாது. ஒருங்கிணைந்த திட்டங்களில் கணிசமானவை அரசுப் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கின்றன என்பதால், "இ.டி. போடாவிட்டால் ரயில் போய்விடும்" என்ற பயம் பாதிக்கு மேல் வீண்.

ஆனால் சீக்கிரம் விண்ணப்பிப்பது வேறு, இ.டி. வேறு. அரசோ தனியாரோ, இந்தத் திட்டங்களின் கடைசித் தேதி சாதாரண விண்ணப்பத்தைவிட முன்னாலேயே வந்துவிடும். நவம்பர் 1 பல இடங்களில் வரும் தேதி. ஜனவரி வரை நேரமிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஓரிடத்தில் இ.டி. போட்டுக்கொண்டே மற்ற திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாமா?

எர்லி ஆக்‌ஷனிலும் ரெகுலரிலும் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். விண்ணப்பத்தையும் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் டிசம்பர் நடுவில் இ.டி. கைவிரித்த பிறகு நவம்பர் 1 தேதி திரும்ப வராது. கட்டுரைகள் எல்லாவற்றையும் அக்டோபருக்குள் எழுதி முடிக்க வேண்டும். இ.டி. கிடைத்தால் அந்த உழைப்பும் விண்ணப்பக் கட்டணமும் வீண்தான். அதற்குத் தயாராக இருங்கள்.

இ.டி.யில் நிராகரிக்காமல் ரெகுலர் சுற்றுக்குத் தள்ளிவைத்தால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு கிடைத்தாலும் சேரக் கட்டாயமில்லை.

இ.டி. 2 என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. ஜனவரி தொடக்கத்தில் கடைசித் தேதி, பிப்ரவரியில் பதில். டிசம்பரில் மனம் உடைந்த குடும்பங்கள் அவசரத்தில் போய் விழுவது இதில்தான். மருத்துவ நேர்காணல்கள் நடந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில் இ.டி. 2 "கிடைத்தது" என்று வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். பி.எஸ்./எம்.டி. வேண்டாம், இந்தக் கல்லூரி போதும் என்று பிள்ளை மனதார முடிவு செய்திருந்தால் மட்டும் போடுங்கள்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் "கட்டுப்பாடுள்ள" எர்லி ஆக்‌ஷன் போட்டால் பி.எஸ்./எம்.டி.க்குத் தடையா?

அங்கே சேரக் கட்டாயமில்லை, ஆனால் அந்தச் சுற்றில் விண்ணப்பித்தால் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு முன்சுற்றில் போகக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. சிக்கல் தனியார் கல்லூரிகளின் பி.எஸ்./எம்.டி. திட்டங்களில், அவற்றுள் சில எர்லி ஆக்‌ஷனிலேயே வரச் சொல்கின்றன. சிறப்புத் திட்டங்களுக்கு விலக்கு உண்டா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும். வரிக்கு வரி படிக்கவும்.

பணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நம்மவர்கள் கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள்.

இ.டி. போட்டால் பேரம் பேசும் பலம் போய்விடும். ஏப்ரலில் நான்கு கடிதங்களை மேசையில் பரப்பி, "அந்தக் கல்லூரி இவ்வளவு உதவித்தொகை தருகிறது, நீங்கள்?" என்று கேட்க முடியாது. ஒருங்கிணைந்த திட்டங்களில் பல, பெரிய பெயர் இல்லாத கல்லூரிகளில் நடப்பவை. இந்த அளவு மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரிகள் திறமை உதவித்தொகையை நன்றாகவே கொடுக்கும். பிரவுன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளிலோ திறமைக்கென்று உதவித்தொகையே கிடையாது; குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது மட்டும்தான். இரண்டு பேரும் ஐ.டி. வேலையில் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் முழுக் கட்டணம். இ.டி. போடும் முன் கல்லூரித் தளத்தில் இருக்கும் செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

அப்புறம் மருத்துவ ஆண்டுகளின் செலவு. 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் கடன் கணக்கு மாறிவிட்டது. முன்பு கிராட் ப்ளஸ் என்ற மத்திய அரசுக் கடனில் மொத்தச் செலவையும் வாங்க முடிந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது இல்லை. மருத்துவ மாணவர் மத்திய அரசிடம் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தமாக 2,00,000 டாலர் வரைதான் வாங்கலாம். வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால் ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் பல உண்டு. மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், அல்லது நம் சேமிப்பு. பெற்றோர் பெயரில் வாங்கும் ப்ளஸ் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. எட்டு ஆண்டுக்கு ஒரே தாளில் கணக்குப் போடாமல் இ.டி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி கல்விக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பிராங்க்ஸில் உள்ள ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு ரூத் காட்டஸ்மன் 100 கோடி டாலர் கொடுத்தார், அங்கும் கட்டணம் போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ப்ளூம்பெர்க் நன்கொடையால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்டு வருமானம் 3,00,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. வழக்கமான பாதையில் போகும் நல்ல மாணவருக்கு இந்தக் கதவுகள் திறந்திருக்கும். பதினேழு வயதில் ஒரு மருத்துவக் கல்லூரியைப் பிடித்துக்கொண்டவர், பல திட்டங்களில், வெளியே விண்ணப்பித்தால் கையிலிருக்கும் இடத்தை இழக்க வேண்டும். கையில் இருப்பதை விடாதே என்பதும் நியாயம், பொறுத்தால் இலவசம் என்பதும் நியாயம். எங்கள் வீட்டில் இதைப் பற்றி நடந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

நாங்கள் எச்-1பி (வேலை விசா). பிள்ளை எச்-4 (எங்களைச் சார்ந்த விசா). விண்ணப்பிக்கலாமா?

முதலில் ஒவ்வொரு திட்டத்தின் தகுதிப் பகுதியைப் பாருங்கள். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கட்டாயம் என்று பல திட்டங்கள் சொல்லும். இதைக் கவனிக்காமல் கட்டுரை எழுதி முடித்த பிறகு தெரிந்துகொண்ட குடும்பம் எங்கள் பள்ளியிலேயே உண்டு.

எச்-4 பிள்ளைக்கு 21 வயதானதும் அந்த விசா முடிந்துவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எஃப்-1 மாணவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு, மத்திய அரசுக் கடனும் கிடையாது. சில மருத்துவக் கல்லூரிகள் நான்காண்டுச் செலவையும் முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்லும். பதினெட்டு வயதில் கிடைத்த நிபந்தனை இடம், இருபத்தொன்றில் விசா மாறிய பிறகும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நகரும் வேகம் நமக்குத் தெரிந்ததுதானே. இந்த நிலையில் இருப்பவர்கள், பதில் கையில் வராமல் இ.டி.யில் மாட்டிக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து.

அனுமதி அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும்?

இ.டி.யில் விண்ணப்பித்தால் மருத்துவ முடிவு எந்தத் தேதியில் வரும்? கல்லூரி மட்டும் கிடைத்து மருத்துவம் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் கட்டுமா? மருத்துவப் பங்காளிக் கல்லூரியுடனான உடன்பாடு என் பிள்ளை படித்து முடிக்கும்வரை உறுதியா? கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. திட்டங்கள் நின்றுபோகும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஹெச்.பி.எம்.இ. என்ற ஒருங்கிணைந்த திட்டம் நின்றது, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் திட்டமும் நின்றது. இன்னமும் அந்த இரண்டு பெயர்களையும் போட்ட பட்டியல்கள் பெற்றோர் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த மாதிரிப் பட்டியல் கையில் வந்தால், அது பழசு என்று புரிந்துகொள்ளுங்கள்.

போன் செய்வது பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. நான் செய்ததற்கு மகள் இரண்டு நாள் பேசவில்லை.

மருத்துவக் கல்லூரிக்கே எர்லி டிசிஷன் உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார்.

அது வேறு. இளநிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் எம்.டி.க்கு விண்ணப்பிப்பவர்களுக்கானது. ஆகஸ்ட் 1-க்குள் ஒரே ஒரு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, அக்டோபர் 1-க்குள் பதில் வாங்கலாம். பதில் வரும்வரை வேறெங்கும் போடக் கூடாது. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம். பள்ளி மாணவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பள்ளியில் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லவே இல்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு, இரண்டாம் ஆண்டு வாக்கில் மருத்துவ இடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் திட்டங்கள் இருக்கின்றன. நியூயார்க் மவுண்ட் சைனாயின் ஃப்ளெக்ஸ்மெட் அப்படி ஒன்று: எந்தப் பாடம் படித்தாலும் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்கலாம், எம்கேட் வேண்டாம். ஜார்ஜ்டவுன் தன் மாணவர்களுக்கு மட்டும் ஒன்று வைத்திருக்கிறது. இது இ.டி. முடிவையும் தொடுகிறது: பிள்ளைக்குப் பிடித்த கல்லூரியில் இப்படி ஒரு வழி இருந்தால், பி.எஸ்./எம்.டி. இல்லாமலேயே அங்கே இ.டி. போடுவது புத்திசாலித்தனமாக இருக்கலாம்.

டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) பட்டத்தையும் ஒதுக்காதீர்கள். எம்.டி.யைப் போலவே முழு மருத்துவர் உரிமம் தரும் பட்டம் அது. பென்சில்வேனியாவின் எரியில் தொடங்கிய லெகாம் கல்லூரிக்குப் பள்ளியிலிருந்தே முன் அனுமதி கேட்கலாம். டி.ஓ. என்றதும் முகம் சுளிக்கும் உறவினர்களுக்கு, அவர்கள் போகும் கிளினிக்கில் மருத்துவர் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இ.டி.யில் கிடைத்தும் போகாவிட்டால் வழக்குப் போடுவார்களா?

வழக்கு வராது. ஆனால் பள்ளியின் பெயர் கெடும். 2025-இல் டுலேன் பல்கலைக்கழகம், மாணவர் ஒப்பந்தத்தை மீறியதற்காக ஒரு பள்ளியிலிருந்தே ஓராண்டுக்கு இ.டி. விண்ணப்பங்களை ஏற்க மறுத்தது செய்தியானது. உங்கள் பிள்ளை செய்ததற்கு அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை பதில் சொல்ல வேண்டிவரும். கவுன்சிலரும் கையெழுத்திடுகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

நேர்காணலில் "ஏன் இப்போதே மருத்துவம்?" என்று கேட்டால்?

அதைப் பிள்ளையிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. பதில் அம்மா அப்பா குரலில் வந்தால் எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

டிசம்பரில் இ.டி. கிடைத்துவிட்டது. மற்ற விண்ணப்பங்கள் தானாக ரத்தாகிவிடுமா?

ஆகாது. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உள்ளே போய்ப் பிள்ளைதான் திரும்பப் பெற வேண்டும். மருத்துவக் கல்லூரிக்குத் தனியாக அனுப்பிய துணை விண்ணப்பம் இருந்தால் அதற்கும் தனி மின்னஞ்சல். நேர்காணல் தேதி கொடுத்திருந்தால் அன்றைக்கே எழுதிவிடுங்கள், விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். என் மகளுக்குக் கிடைத்த ஒரு நேர்காணல், ஜனவரி இரண்டாம் வாரம் திடீரென்று வந்த அழைப்பு. யாரோ ஒரு பிள்ளை தன் தேதியை விட்டுக் கொடுத்ததால் காலியான இடம் என்று சொன்னார்கள். அவள் இப்போது படிப்பது அங்கேதான்.